கை நனைத்த தாய்மாமன்

வெள்ளிக்கிழமைக் காலைகளில் எங்கள் ஆர்ஹூஸ் அலுவலகத்தில் எல்லோருமாக உட்கார்ந்து ரூண்ஸ்டுகர் தின்போம். மேலே ஓடுபோல மொறுமொறுக்கும் சின்ன உருண்டை ரொட்டி. டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு விநோதமாகவே இருக்கும் ஒன்று உண்டு. தட்டை நீட்டுபவரிடம் 'நை தாக்', வேண்டாம் நன்றி, என்றால் தட்டு அப்படியே அடுத்தவரிடம் போய்விடும். ஏன் என்ற கேள்வி கிடையாது. 'ஒண்ணே ஒண்ணு' கிடையாது. என் குடலில் குடியிருக்கும் குரோன் நோய், சீறும்போதெல்லாம் வாயில் புண்ணாக எட்டிப் பார்க்கும். அந்த வாரங்களில் இது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை நாக்குப் புண்ணால் அலுவலகக் கூட்டத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. சக ஊழியர் கிர்ஸ்டன் மனதாரப் பாராட்டினார்: "இப்போதுதான் நீங்கள் எங்கள் ஊர்க்காரர். எவ்வளவு சுருக்கமாகப் பேசினீர்கள்!"

போன ஆவணியில் என் அக்கா மகன் பிரபுவுக்குப் பெண் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போனோம். அன்று புண் மூன்று இடங்களில் இருந்தது: கீழுதட்டின் உட்புறம், நாக்கின் இடது ஓரம், அண்ணம். கீரனூரில் வேன் கிளம்பியதுமே அக்கா என் காதருகே வந்தாள்.

"நோயி அது இதுன்னு வாயத் தொறந்துராதடா. பரம்பரை வியாதின்னு கெளப்பி விட்ருவாங்க. ஏற்கெனவே மூணு எடம் தட்டிப் போச்சு."

பெண்ணைப் பிடித்துப் போயிற்று. அவர்களுக்கும் பிரபுவைப் பிடித்துப் போயிற்று. பேசி முடித்ததும் இலை போட்டார்கள். எங்கள் வழக்கத்தில், சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. முதலில் நனைக்க வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். இலையில் சோறு, அதன்மேல் கருஞ்சிவப்பாக வத்தக்குழம்பு. "எனக்கு வேண்டாங்க" என்று, டென்மார்க் பழக்கத்தில், சொல்லிவிட்டேன்.

பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் பெரியம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"ஏங்க, பொண்ணுல கொறையா, கொழம்புல கொறையா?"

"பல்வலிங்க."

"பல்வலின்னா கன்னம் வீங்குமே. ஒங்களுக்கு இங்கிட்டும் வீங்கல, அங்கிட்டும் வீங்கல."

பெண்ணின் அப்பா முகம் இறுகியது. பிரபுவின் கை இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நான் நனைக்காமல் அவன் எப்படி நனைப்பான்? உண்மையைச் சொன்னால் வியாதிக் குடும்பம். சும்மா இருந்தால் பெண் பிடிக்காத குடும்பம். பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். நான் காலையில் குறித்து வைத்திருந்த மூன்று இடங்களையும் வத்தக்குழம்பு வரிசை தவறாமல் நலம் விசாரித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அடடா, அக்கா மகனுக்கு அமைஞ்சிருச்சுன்னு தாய்மாமன் அழுவுறதப் பாருங்க!" பெரியம்மா உருகிப்போனார். உருகிய வேகத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அப்போது மணப்பெண் கவிதா வந்து, இலை ஓரத்து வெள்ளைச் சோற்றில் கெட்டித் தயிரைக் கேட்காமலேயே கவிழ்த்தாள். குனிந்தபடி மெல்லச் சொன்னாள்:

"சித்தப்பா, இது வாய்ப்புண்ணுதானே? எங்கப்பாவும் இப்பிடித்தான் ஒரு பக்கமா மெல்லுவாரு. மூட்டுவாத மாத்திரை பண்ற வேலை. வெளிய சொல்லக் கூடாதுன்னு பெரியம்மா உத்தரவு. நீங்களும் ஒங்க அக்காட்ட சொல்லிறாதீங்க."

என் அக்கா அவளுக்கு அத்தை என்றால் நான் சித்தப்பாதான். முறையைக்கூடச் சரியாகச் சொன்னாள். தயிர்ச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது, சட்டைப்பையிலிருந்த டென்மார்க் களிம்பை அவள் அப்பாவின் கையில் வைத்தேன். அவர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பல்வலிக்குங்களா?"

"ஆமாங்க. பல்வலிக்கு."

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, கிர்ஸ்டன் தட்டை நீட்டினார். ரொட்டி இளஞ்சூடாக இருந்தது. என் புண்ணும் ஆறியிருந்தது. "நை தாக்" என்றேன், இன்னொரு தடவை கேட்பார் அல்லவா என்று. தட்டு நகர்ந்துவிட்டது. மேசையின் மறுகோடியில் யாரோ கடைசி ரொட்டியை எடுப்பதை, பாதி நீட்டிய கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.