கெர்னலுக்கு வெளியே ஒரு டிரைவர்

1. நம்பர் பழசு, உள்ளே புதுசு

வறுவேல் அண்ணாச்சி போனில் கத்தியது பக்கத்து மேஜை வரை கேட்டது.

"வே நீலகண்டா, லாரி ரோடு வரைக்கும் நிக்கி. கம்ப்யூட்டரு எடைய காட்ட மாட்டேங்கு. நீரு வாரீரா, இல்ல பொட்டியத் தூக்கிட்டு நான் அங்க வரவா?"

மார்த்தாண்டத்தில் அவருக்கு எடைமேடை இருந்தது. லாரியின் எடையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கார்டு, நாகர்கோவிலில் எங்கள் கம்பெனி செய்தது. அந்தக் கார்டையும் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸையும் பேசவைக்கும் டிரைவர் என்ற புரோகிராம் நான் எழுதியது. லினக்ஸின் மையமான கெர்னலை உலகம் முழுக்க ஆட்கள் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கார்டு கூப்பிட்டதும் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு மூன்று ஆர்க்யுமென்ட், அதாவது மூன்று தகவல், கொடுக்க வேண்டும் என்று நாம் எழுதிவைத்திருப்போம். அடுத்த கெர்னலில் இரண்டு போதும் என்பார்கள். கெர்னலோடு சேராமல் வெளியே இருக்கும் என் டிரைவர் கம்பைல் ஆகாது, ஓடும் புரோகிராமாகவே மாறாது. அதனால் பழைய கெர்னல் என்றால் இப்படி, புதியது என்றால் அப்படி என்று வெர்ஷன் நம்பர் பார்க்கும் இஃப் வரிகளை ஊடே ஊடே ஒட்டுப்போட்டிருந்தேன்.

அன்று அண்ணாச்சி அப்டேட் போட்டிருக்கிறார். அந்த லினக்ஸை விற்றவர்கள் பழைய கெர்னலுக்குள் புது மாற்றங்களைச் செருகிவிட்டு, நம்பரை மட்டும் பழையபடியே விட்டிருந்தார்கள். என் இஃப் வரிகள் நம்பரை நம்பி ஏமாந்தன. பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்தேன். லாரிகள் நகர்ந்ததும் அண்ணாச்சி பால் விடாத கட்டன்சாயா வாங்கித் தந்தார்.

"நீரு இல்லேன்னா நம்ம கதை கந்தல்தான் வே."

அந்தச் சொல்லுக்காகவே அடுத்த மாதமும் பழுதாகட்டும் என்று இருந்தது.

2. முந்திரிக்கொத்து

பக்கத்து மேஜை பிளெஸ்ஸியுடையது. மணவாளக்குறிச்சிக்காரி, எனக்கு ஜூனியர். எங்கள் கம்பெனியின் இன்னொரு கார்டான சீரியல் கார்டுக்கு டிரைவர் எழுதி, அதைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கச் சொல்லி, கெர்னல் எழுதுகிறவர்களின் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பினாள். வரி தொடங்கும் டேப் இடைவெளி சரியில்லை, இந்த ஃபங்ஷன் நீளம் என்று, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒரு மெயின்டெய்னர் திருப்பித் திருப்பி அனுப்பினார். அவளும் சளைக்காமல் திருத்தினாள்.

"ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்று கேலி செய்தேன். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கெர்னலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஒன்றை மாற்றுகிறவர், அதனால் உடையும் உள்ளிருக்கும் டிரைவர்களைத் தாமே திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியே இருப்பவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பெரிய மாற்றம் வந்தபோது நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பிளெஸ்ஸி, அக்கா மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு லீவு போட்டுப் போய்விட்டு, முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்தாள்.

"ஒன் டிரைவரு ஒடையலியா?"

"யாரோ திருத்திட்டாவண்ணே. ஆளு யாருன்னே தெரியாது."

கையிலிருந்த முந்திரிக்கொத்தைத் தாளிலேயே திரும்ப வைத்தேன். பொறாமைதான், வேறு பெயர் வேண்டாம். ஊர் பேர் தெரியாதவன் அவளுக்குச் சும்மா வேலை செய்கிறான். எனக்கு நானே கூலியாள்.

முதலாளி செல்லப்பன் சார் எரிகிற தீயில் எண்ணெய் விட்டார்.

"டே, அந்தப் பிள்ள கைய வீசிட்டு நடக்கு. நீ இன்னும் பழசையே கட்டிப் பிடிச்சிட்டு கெடக்க. ஒன் டிரைவரும் உள்ள போனா, அடுத்து செய்யப்போற புதுக் கார்டுக்கு டிரைவரு எழுதுற வேல ஒனக்கு. இல்லேன்னா அவளுக்கு."

3. உள்ளே

பிளெஸ்ஸிக்கு அது போகக்கூடாது. அந்த ஒரே எண்ணத்தில்தான் என் டிரைவரையும் அனுப்பினேன். உள்ளே வந்தால் ஒரே கெர்னல்தான், இஃப் வரிகள் எல்லாவற்றையும் எடுத்தால்தான் பார்ப்பேன் என்று மெயின்டெய்னரின் முதல் பதில். ஒவ்வொரு இஃபும் ஒரு மார்த்தாண்டம் பயணம், ஒரு கட்டன்சாயா. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். பலமுறை திருப்பி அனுப்பிய பிறகு சேர்த்தார்கள். புதுக் கார்டும் எனக்கே வந்தது. பிளெஸ்ஸி மனதார வாழ்த்தினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகொரு மாற்றத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் டிரைவரில் கைவைத்து, நான்கைந்து வரிகளை மாற்றியிருந்தார். நாம் இல்லாதபோது யாரோ வந்து நம் அடுக்களையைத் துடைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என்னைவிடச் சுத்தமாக எழுதியிருந்தார். அவர் மேலும் பொறாமை வந்தது.

வறுவேல் அண்ணாச்சி புது லினக்ஸுக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, எடை ஒழுங்கா காட்டுதா?"

"அது பாட்டுக்கு காட்டுது. இது ஆரு?"

பெயரைச் சொன்னேன்.

"நீரா வே! சத்தமே மறந்து போச்சு. இங்க ஒரு கொழப்பமும் இல்லியே, பின்ன எதுக்கு கூப்பிட்டீரு?"

சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: டிரைவரை வெளியே வைத்துக்கொண்டு அல்லாடாதீர்கள், எப்பாடு பட்டாவது உள்ளே சேர்த்துவிடுங்கள். சேர்ந்துவிட்டால் அப்புறம் உங்களை ஒருவரும் தேட மாட்டார்கள். வேலை சரியாக முடிந்ததற்கு அதுதான் அடையாளம். எனக்கு அது இன்னும் பழகவில்லை.