கும்மிடிப்பூண்டியிலிருந்து பவளப்பாறைக்குப் பதினொரு பேர்

விலங்கியல் வாத்தியார் வேலையில் பாடம் முழுக்க உயிருள்ளவற்றைப் பற்றித்தான். அவற்றை உயிரோடு பார்ப்பதுதான் அபூர்வம். மாணவர்களை மியூசியத்துக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் கூட்டிப் போய்த் தலையை எண்ணி எண்ணிக் களைத்த ஆசிரியர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பதினேழு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் மூன்றாமாண்டு மாணவர்கள் பதினொரு பேரை ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊருக்குக் கூட்டிப் போய், முதுகில் சிலிண்டரோடு ஸ்கூபா உடுப்பு மாட்டி, கடலுக்குள் பவளப்பாறையைக் காட்ட ஏற்பாடானது. கல்லூரி சரி என்றது, வனத்துறையும் சரி என்றது. எல்லாரும் சரி என்ற பிறகுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

சிலிண்டர் விசாரணை

பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னதும் பத்துப் பேர் மறுநாளே கொண்டுவந்துவிட்டார்கள். மோனிஷா மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள். "அப்பா உங்கள நேர்ல பாக்கணும்னு சொல்றாரு மேடம்" என்றாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் பெண். அவள் போகவில்லை என்றால் எனக்கே மனசு ஆறாது. சமாதானம் சொல்ல நான்கைந்து வாக்கியங்களைத் தயார் செய்து வைத்தேன்.

அப்பா ஏழுமலை இரும்பு உருக்கும் மில்லில் வேலை பார்ப்பவர். ஷிப்ட் முடிந்து, சேஃப்டி ஷூவோடு அப்படியே வந்திருந்தார். பெண் பிள்ளை, கடல், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் ஆரம்பிப்பார் என்று பார்த்தால், "முதுகுல மாட்டுறது ஆக்சிஜனா, காத்தா?" என்றார். ஆக்சிஜன் என்றேன். அவர் முகம் மாறியது. "மில்லுல ஆக்சிஜன் சிலிண்டர் மாத்துறதே நான்தான். இன்னா ப்ரெஷர்? டெஸ்ட் எப்ப பண்ணாங்கோ?" என் நான்கைந்து வாக்கியங்களும் வேறு கேள்விக்கானவை. மண்டபத்தில் இருக்கும் பயிற்சியாளர் ஜெரோமுக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இருவரும் இருபது நிமிஷம் பேசினார்கள். உள்ளே இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான் என்பதை நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சிலிண்டர் கழுத்தில் குத்தியிருக்கும் டெஸ்ட் தேதியை ஜெரோம் போட்டோ எடுத்து அனுப்பினார். ஏழுமலை அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "பொண்ணு மேல எனக்கு எப்பவும் நம்பிக்கதான் மேடம். சிலிண்டர் மேலதான் இல்லாம இருந்துச்சு."

இரத்த அழுத்தம்

நான் படகில் உட்கார்ந்து மேற்பார்வை செய்வதாகத்தான் திட்டம். குடை, தொப்பி, வருகைப் பதிவேடு எல்லாம் அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். ஆனால் உடல் தகுதிச் சான்றுக்குப் போகிறவர்கள் பட்டியலை மோனிஷாதான் தட்டச்சு செய்தாள். பன்னிரண்டாவதாக என் பெயர் இருந்தது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இவ்வளவு ஏறியிருக்கு?" என்றார். கடல் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏறியது அது. வெளியே பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன், யாரைக் கேட்டு என் பெயரைச் சேர்த்தாய் என்று. அவள் கொஞ்சமும் அசரவில்லை. "போட்லயே உக்காந்துகினு நீங்க இன்னா மேடம் அப்சர்வேஷன் எழுதுவீங்கோ?"

கிணற்று வீரன்

என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் பயிற்சி கொடுக்க ஜெரோம் திருவள்ளூருக்கே வந்தார். அங்கே ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு நாள் இடம் கிடைத்திருந்தது. மீனவக் குடும்பத்தில் பிறந்த ஜெரோம் அதிகம் பேசமாட்டார், சிரிப்பதும் குறைவு. எங்கள் கூட்டத்தில் தண்ணீருக்குப் பழகியவன் என்றால் அது சாய்குமார்தான். ஆந்திர எல்லையில் மாதர்பாக்கம் பக்கம் அவர்களுக்கு நெல் வயலும் பெரிய கிணறும் உண்டு. பஸ்ஸில் வரும்போதே மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான். "நைனா என்ன அஞ்சு வயசுலயே கெணத்துல தூக்கிப் போட்டுட்டாரு" என்று அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான்.

குளத்தில் முதல் ஆளாக இறங்கியவன் மூன்று வினாடியில் மேலே வந்தான். மறுபடி இறங்கினான், மறுபடி வந்தான். நீச்சலே தெரியாத மோனிஷாவோ ஆழமில்லாத பக்கத்தில், தண்ணீருக்கு அடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஜெரோம் என்னிடம் சொன்ன விஷயம் இது: கிணற்றுப் பழக்கத்தில் அவன் மூச்சை அடக்குகிறான், அதனால்தான் மிதந்து மேலே வருகிறான்; ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் தாங்காது. அன்று சாயங்காலம் வரை அவனோடு போராடி, ஒரு வழியாகப் பழக்கிவிட்டார். சாய்குமார் துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒரே பேஜாரு மேடம். கெணத்துல மூச்ச அடக்குனா கெட்டிக்காரன், இங்க அடக்குனா முட்டாள்ன்றாரு."

சைகை மொழி

தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைச் சைகைதான். விரலை வட்டமாகப் பிடித்தால் 'நலம்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'. உள்ளங்கையை ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. ராமேஸ்வரம் ரயிலில் ஏறியதிலிருந்து பதினொரு பேரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் கையாலேயே பேச்சு. காலையில் பரமக்குடி தாண்டியதும் டீக்காரர் வந்தார். ஒருவன் வட்டம் காட்டினான், ஒருத்தி உள்ளங்கையை ஆட்டினாள், இன்னொருவன் கட்டைவிரலை உயர்த்தினான். டீக்காரர் மூன்று கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேனைக் கீழே வைத்து என் பக்கம் திரும்பினார். "பாவம், எந்த ஸ்கூல் பிள்ளைங்கம்மா? சர்க்கரை போடவா வேணாமான்னு நீங்களே சொல்லிடுங்க."

முதல் முறை

படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழ வேண்டும். நான் சாயவில்லை. நாலு பேர் சாய்ந்து தண்ணீரில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெரோம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, தானும் சேர்ந்து சாய்ந்துவிட்டார். அப்புறம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு மீட்டர் இறங்கியதும் கண்ணைத் திறந்தேன்.

பதினேழு வருஷமாகக் கரும்பலகையில் நான் வரைந்த மான்கொம்புப் பவளம் ஒரு தோட்டம் போல விரிந்து கிடந்தது. தேன் நிறம், பாசிப் பச்சை, நுனியில் மட்டும் கொஞ்சம் ஊதா. கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன்; அதற்குச் சத்தம் உண்டு என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மீன் புகுந்து புகுந்து வெளியே வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயில் குழாய் இருந்ததால் மரியாதை தப்பியது.

மேலே வந்தபோது சாய்குமார் எனக்கு முன்பே படகில் ஏறி, முகமூடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆய்வகத்தில் அலமாரி நிறையப் பவளம் இருக்கிறது, எல்லாம் சுண்ணாம்பு போல வெள்ளை. முகமூடியோடே என் பக்கம் திரும்பிக் கேட்டான். "மூணு வருஷமா நீங்க எங்களுக்குக் காட்டினது எலும்பா மேடம்?"

காது

அன்று மோனிஷாவால் இறங்க முடியவில்லை. இரண்டு மீட்டர் போனதும் காதில் குத்தல். மூக்கைப் பிடித்து ஊதி அழுத்தத்தைச் சரி செய்ய வேண்டும், அவளுக்கு அது வரவில்லை. மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் மேலே வந்தாள். வலியோடு இறங்கினால் செவிப்பறை போய்விடும் என்று ஜெரோம் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் பார்த்ததைச் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதிக்கொண்டேதான் அழுதாள். அவளை இவ்வளவு தூரம் கூட்டிவந்து இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஜெரோம் அவளை மட்டும் தனியாகக் கூட்டிப்போனார். ஒரு சாண் இறங்குவது, நிற்பது, ஊதுவது. வலித்தால் அரைச் சாண் ஏறுவது. படகிலிருந்து பார்த்தால் இரண்டு பேரின் குமிழிகள் மட்டும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் இறங்கிய ஆழத்துக்கு அவளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனதாம். அதற்கு மேல் இருபத்தைந்து நிமிஷம் கீழேயே இருந்தாள். அதுவரை பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி வந்தவள் இரண்டு கையையும் முகத்துக்கு எதிரே விரித்து, எவ்வளவு கிட்டே என்று காட்டிக்கொண்டே இருந்தாள். ஜெரோம்தான் சொன்னார். "நேத்து போனவங்க மீனைத் தேடிப் போனாங்க. இந்தப் பிள்ள அசையாம நின்னுச்சு, மீனு வந்து இதைப் பாத்துட்டுப் போச்சு."

கூம்புச் சங்கு

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 'கடலில் எதையும் தொடாதே' என்று மாணவர்களிடம் நூறு தடவை சொன்னவள் நான். மூன்றாம் நாள், மணலில் பாதி புதைந்து ஒரு சங்கு கிடந்தது. பழுப்பில் வலை பின்னியது போல வேலைப்பாடு. என் கை தானாக நீண்டது. ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது யாரோ என் மணிக்கட்டில் ஓங்கித் தட்டினார்கள். திரும்பினால் சாய்குமார். மாணவன் கையால் அடி வாங்கிய கோபத்தில் முறைத்தேன். அவன் இரண்டு உள்ளங்கையையும் கூம்பாகக் குவித்து, பிறகு கழுத்தை அறுப்பது போலக் காட்டினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூம்புச் சங்கு. உள்ளிருக்கும் நத்தை ஊசி மாதிரி ஒரு பல்லை நீட்டிக் குத்தும். சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும், முறிக்க மருந்து கிடையாது. நானே படம் போட்டு நடத்திய பாடம். படகில் ஏறியதும் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, வகுப்பில் தூங்கி வழிகிறவனுக்கு இது மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது என்று கேட்டேன். "அந்தக் கேள்விக்குத்தான மேடம் நீங்க முட்டை போட்டு எனக்கு ரெண்டு வாட்டி அரியர் வெச்சீங்கோ."

ஒரு நிமிஷம்

கடைசி முங்கலில் ஒரு ஆமை. அகலமான பச்சை ஓடு, நிதானமாகக் கடல் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. மோனிஷா, சாய்குமார், நான் மூவரும் தரைக்கு மேலே அப்படியே மிதந்தோம். அது கழுத்தைத் திருப்பும்போது தோலில் விழும் மடிப்பு வரை தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது, ஆனால் அது பயம் இல்லை. ஜெரோம் காற்றளவு முள்ளைக் காட்டி, போகலாம் என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் உடனே கயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். இன்னொரு ஆள் மட்டும் ஒரு விரலை நீட்டி, முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஜெரோம் அந்த ஆளின் உடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் மேலே வர வேண்டியிருந்தது.

படகில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மூன்று நாளில் முதல் தடவையாக ஜெரோம் சிரித்தார். "பன்னெண்டு வருஷத் தொழில்ல உள்ள போக மாட்டேன்னு அழுத டீச்சருங்களப் பாத்திருக்கேன், வெளிய வர மாட்டேன்னு அடம் பிடிச்ச டீச்சர இப்பத்தான் பாக்குறேன்."

பத்திரமாகக் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருவதுதான் ஒரு ஆசிரியரின் கடமை என்றால், அந்தப் பதினொரு பேரும் என் விஷயத்தில் அதைக் குறைவில்லாமல் செய்து முடித்தார்கள்.