பதினான்காம் நம்பர் வீட்டில் யாரும் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன், புகைமூட்டம் மலேசியாவின் கெடா மாநிலத்தை மூடியிருந்த ஒரு புதன்கிழமை நண்பகலில், பாடாங் மேஹா பக்கம் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். தீப்பயிற்சி நடந்தால் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லாரையும் வெளியே விரட்டுவது நான்தான். அந்தக் கிறுக்கு வீடுவரை வந்துவிட்டது. டார்ச்லைட், பவர்பேங்க், மருந்துப் பெட்டி எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கும். ஐஸ்பெட்டிக் கதவில் அவசர எண், இரத்த வகை, வீட்டு முகவரி என்று மலாயில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தேன். லாரி ஓட்டுநரான என் கணவர், "நம்ம வீட்டுக்கு மட்டும் யுத்தம் வரப்போகுது லா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று இருவருக்குமே விடுமுறை. அவர் வீட்டுப் பின்பக்கம் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தல். ஓடிப் பார்த்தால், தலையில் சட்டையைப் போர்த்திக்கொண்டு வருகிறார். குளவிக்கூட்டில் கத்தி பட்டுவிட்டது. கழுத்திலும் காதோரத்திலும் ஏழெட்டு இடத்தில் கொட்டு. முதலில் நான்கூடத் திட்டத்தான் செய்தேன். ஆனால் சில நிமிடங்களில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

கார் வாசலில்தான் நின்றது. எண்ணெய் நிறைய இருந்தது. சாவியும் கையில் இருந்தது. ஓட்டத் தெரிந்தவர்தான் தரையில் கிடந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இவ்வளவு தயாராக இருந்தவளுக்கு, அவரே விழுந்துவிட்டால் யார் ஓட்டுவது என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. வேலை நாள் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் ஆம்பளைகள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அவசர எண்ணுக்கு அழைத்தேன். நடுங்காமல், ஐஸ்பெட்டித் தாளைப் பார்த்து அவர் பெயர், வீட்டு நம்பர் பதினான்கு, தோட்டத்தின் பெயர் என்று வரிசையாகப் படித்தேன். போனில் பேசிய பெண் அழகாகக் கேட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, போனை வைக்காதீர்கள் என்றார்.

புகையில் வெயில் மஞ்சளாகிப் போயிருந்தது. செம்பனை மரங்கள் இரண்டாவது வரிசைக்கு அப்பால் தெரியவில்லை. காக்காய் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் சைரன் கேட்டது. அப்பாடா என்று வாசலுக்கு ஓடினேன். சத்தம் நெருங்கியது. பிறகு இடப்பக்கமாக விலகியது. மறுபடி பின்பக்கத்திலிருந்து வந்தது. தார் ரோடே இல்லாத பக்கம் அது.

"சத்தம் கேக்குதேம்மா, ஏன் கிட்ட வர மாட்டேங்குது?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

சைரன் நின்றது. போனில் அந்தப் பெண், ஆம்புலன்ஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது, கதவைத் திறங்கள் என்றார். நான் அகலத் திறந்த கதவின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் வெறும் ரோடு.

"இங்கே யாரும் வரவில்லை" என்று மலாயில் சொன்னேன்.

அவர் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பதினான்காம் நம்பர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அவர் குரலே மாறியிருந்தது. "ரூமா கோசோங், புவான்." வீடு காலியாகக் கிடக்கிறதாம். நீங்கள் உண்மையிலேயே அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார்.

ஒரு கணம், செத்துப்போனது நாங்கள்தானோ என்றுகூட நினைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பத்து வருடங்களுக்கு முன் தோட்டம் கைமாறியபோது, உள்ளே இருந்த பழைய லயத்தைக் காலி செய்து எங்களை ரோட்டோரப் புது லயத்துக்கு மாற்றினார்கள். நிர்வாகம் புது நம்பர்தான் கொடுத்தது. நாங்கள்தான் கூட்டமாக ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் போய், நம்பர் மாறினால் கடிதம் வராது, ஐசி அடையாள அட்டையை மாற்ற யார் அலைவது, பழைய நம்பரையே போட்டுத்தாங்க என்று சண்டை பிடித்து வாங்கினோம். ஆனால் பழைய வீடுகளை யாரும் இடிக்கவில்லை. சுவரில் நம்பரும் அழியவில்லை. ஐசியில் இருந்ததைத்தான் நான் அந்தத் தாளிலும் எழுதியிருந்தேன். அதில் 'புது லயம்' என்ற ஒரு சொல் கிடையாது.

"அங்கேயே நிக்கச் சொல்லுங்க, சைரன மறுபடி போடச் சொல்லுங்க" என்று எந்த மொழியில் கத்தினேனோ தெரியவில்லை. அந்தப் புகையில் போனிலேயே வழி சொல்லிப் புரியவைக்க நேரமில்லை; கணவரை அக்காவிடம் விட்டுவிட்டுச் செம்பனைக்குள் ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள். சைரன் சுற்றிச் சுற்றிக் கேட்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அவருடைய விசில் சத்தம்தான் காதில் இருந்தது.

மரங்கள் முடிந்ததும் பழைய லயம். கூரை விழுந்து, சன்னல் வழியே கொடி ஏறிக் கிடந்தது. சிவப்புச் சாயத்தில் 14. கம்பி சுற்றிக் கட்டிய அந்தக் கதவின் முன் சீருடைக்காரர் ஒருவர் நின்று, என் கணவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு ஆள் இருப்பதுபோலவே, காது வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். அந்த வீட்டில்தான் நான் மருமகளாக வந்து விளக்கேற்றினேன். அங்கிருந்து என் கணவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

தலைவிரி கோலமாகப் புகைக்குள்ளிருந்து வந்த என்னைப் பார்த்து அந்த மனிதர் இரண்டு அடி பின்னால் போனார். மனுஷி என்றே நினைக்கவில்லை என்று பிறகு சொன்னார். வண்டியில் ஏறி வழி காட்டினேன். வீட்டை அடைந்தபோது என் கணவரின் உதடு நீலமாகியிருந்தது. அக்கா அழுதுகொண்டே அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். தொடையில் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. மருத்துவமனையில் டாக்டர், இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுமாதமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லயத்தில் எல்லாரும் சேர்ந்து, இந்தத் தடவை புது நம்பர் கேட்டு வாங்கினோம். அதே கிராணி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் இன்றைக்கும் வாசலில் யாராவது என் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "இருக்கார், இருக்கார்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டே ஓடுகிறேன். ஆளே இல்லாத வீட்டின் முன் அந்தப் பெயரை ஒருவர் கூப்பிட்டதைக் கேட்டவள் நான், பதில் சொல்ல அவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.