ஓட்மார் ஷ்வெங்க் பார்த்த கூரை

ஜெர்மனியில் டூபிங்கனிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற எங்கள் ஊர்களில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று அண்ணாந்து பாருங்கள். கண்ணில் படும் கூரைகளில் பாதி ஓட்மார் ஷ்வெங்க் வேய்ந்தவை. மீதிப் பாதி ஒழுகுகிறவை. இதை ஓட்மாரே சொல்வார், ஆனால் பொய்யில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வாத்தியார் கேட்ட எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்கிப் பதில் சொன்னார். பதில்தான் சரியாக இருக்கவில்லை. ஓடு சுமக்கப் போனவர், மீசை நரைப்பதற்குள் சொந்த லாரியில் தன் பெயரைப் பச்சை வண்ணத்தில் எழுதிக்கொண்டார். வீடு கட்டியபோது தச்சனைக்கூடக் கூப்பிடவில்லை. இடித்த களஞ்சியத்தின் பழைய உத்தரத்தை இழுத்துவந்து முகட்டுக்குத் தானே ஏற்றினார். புது மரம் வாங்குகிறவன் ஏமாளி என்பது அவர் கட்சி.

பிறகு கண் போயிற்று. விழித்திரை நோய், அப்பன் வழி வந்தது. முதலில் பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறினார். அடுத்து ஓரங்கள் இருட்டின, மழைநீர்க் குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி. அப்போதும் கூரையேறினார். "ஓடு நடுவுலதான இருக்கு, ஓரம் எதுக்கு?" என்றார். மனைவி கெர்லிண்ட ஏணியை விற்ற பிறகுதான் இறங்கினார். கடைசியில் நடுவும் போயிற்று.

அதையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஓய்கென் சொன்ன சொல்தான்.

ஓய்கென் பக்கத்து வீட்டுக்காரர். தச்சர். கண்ணெதிரே வீடு எழும்பியும் தன்னைக் கூப்பிடாதது அவருக்கு இன்றுவரை ஆறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் 'ஆட்டுக்குட்டி' என்ற மதுவிடுதியின் மூலை மேசையில் நண்பர்கள் ஆப்பிள் மதுவோடு கூடுவார்கள். அங்கே வைத்துச் சொன்னார்.

"ஓட்மார், உன் வீட்டு முகடு தொய்ஞ்சு போச்சுடா. கிழட்டுக் குதிரை முதுகு மாதிரி நிக்குது."

"உன் கண்ணைக் கொண்டுபோய் எங்கயாவது காட்டு."

"என் கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. சந்தேகம்னா நீயே வந்து பாரேன்."

மேசையே சிரித்தது. ஓட்மாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கெர்லிண்டவிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நம்ம முகடு எப்படி இருக்கு?"

"கூரை மேலதான் இருக்கு" என்றாள். அவரோடு வாழ்ந்து தேறியவள்.

வேறு யாரையாவது ஏற்றி அளக்கச் சொல்லலாம். சொன்னால் ஷ்வெங்குக்கே ஷ்வெங்க் மேல் சந்தேகம் என்று ஊர் பேசும். தன் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அதற்குக் கண் வேண்டும்.

டூபிங்கனில் அப்போது ஓர் ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குள் விழித்திரையின் மேல் சின்னத் தகடு ஒன்றைப் பதிப்பார்கள். அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மூக்குக்கண்ணாடியில் கேமரா, இடுப்பில் பெட்டி. கேமரா பார்ப்பதைப் பெட்டி மின்சாரமாக்கி அனுப்பும். எந்தப் புள்ளியில் மின்சாரம் பாய்கிறதோ அந்த இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். பழைய பார்வை வராது, முகம் வராது, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள கோடு வரலாம் என்று மருத்துவர் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வானத்துக்கு எதிர்ல கூரை தெரியுமா?" என்று ஓட்மார் குறுக்கிட்டார்.

"தெரிஞ்சா முதல்ல தெரியறது அதுதான்."

"அப்ப எப்ப அறுக்கறீங்க?"

புண் ஆறியதும் புள்ளிகளைச் சரிபார்க்கும் வேலை வந்தது. அதைச் செய்தவர் ஃப்ராவ் கெர்ஸ்டர், சாந்தமான பெண் பொறியாளர். பெட்டி 'பீப்' என்று ஒலிக்கும். ஒரு புள்ளிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். தெரிகிறதா என்று கேட்பார். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். எந்த அளவில் தெரிகிறதோ அதுதான் அந்தப் புள்ளியின் அளவு.

பீப் என்றது.

"தெரியுது" என்றார் ஓட்மார்.

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"ஃப்ராவ் கெர்ஸ்டர், நீங்க கூரைக்காரன் கண்ணைப் பாத்ததில்ல."

அடுத்த பீப்புக்கும் தெரிந்தது. அதற்கடுத்ததற்கும். மற்ற நோயாளிகள் 'தெரியல, தெரியல' என்று முனகுகிற இடத்தில் இவர் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஆய்விலேயே இவர்தான் முதல் என்று பேச்சாயிற்று. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது.

வீட்டு முற்றத்தில் நின்று தலையைத் தூக்கினார். கும்மிருட்டு. பெட்டியைத் தட்டினார். இருட்டு அசையவில்லை.

"ஆஹா!" என்றார், கெர்லிண்ட காதில் விழும்படி.

"எதைப் பாத்து ஆஹா? நீ பாக்கறது நம்ம கார் கொட்டகைச் சுவரு."

வெள்ளிக்கிழமை மேசையில் ஓய்கென் விடவில்லை. "என்ன, பத்திரிகையில வந்த பெரிய மனுஷா? முகட்டைப் பாத்தியா?"

"பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு மதுவை ஒரே மடக்கில் குடித்தார். புளித்தது. நூல் பிடித்த மாதிரி இருக்கிறதா இல்லையா என்பது மேசையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

அடுத்த முறை கிளினிக்குக்குக் கெர்லிண்டவும் போனாள். ஓரமாக உட்கார்ந்து ப்ரெட்சல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பீப்.

"தெரியுது. இடது பக்கம், மேல. மஞ்சளா, நட்சத்திரம் மாதிரி. ரொம்ப அழகு."

ஃப்ராவ் கெர்ஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஹெர் ஷ்வெங்க், பெட்டியிலேருந்து போற மின்சாரத்தை அணைச்சு வெச்சிருக்கேன். பீப் சத்தம் மட்டும்தான் போகுது."

"எப்ப அணைச்சீங்க?"

"நீங்க கோட்டு கழட்டினப்பவே."

கெர்லிண்டவுக்குப் ப்ரெட்சல் புரையேறியது.

"பாருங்க, அணைச்சாலும் வேலை செய்யுது" என்றார் ஓட்மார். "நல்ல மெஷினு."

"வேலை செய்யல. நீங்க தெரியுது தெரியுதுன்னு சொன்னதால எல்லாப் புள்ளிக்கும் இருக்கறதுலயே குறைஞ்ச மின்சாரத்தை வெச்சுட்டேன். அது யாருக்கும் பத்தாது. ஒழுங்கா சொல்லியிருந்தா இந்நேரம் ஏதாவது தெரிஞ்சிருக்கும். இப்படியே போனா உங்களை ஆய்வுல வெச்சுக்கவும் முடியாது."

ஓட்மார் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அவருக்கு முகட்டைப் பாக்கணும்மா" என்றாள் கெர்லிண்ட. "அதுக்குத்தான் இத்தனையும். ஓட்மார், பாக்கணுமா வேண்டாமா? வாயைத் திறந்து சொல்லு."

கட்டிய கைகளை ஓட்மார் பிரிக்கவில்லை. ஃப்ராவ் கெர்ஸ்டர் மின்சாரத்தைப் போட்டார். பீப் என்றது. தாடை இப்படியும் அப்படியும் போயிற்று.

"தெரியல" என்றார்.

உடைந்த ஓட்டைக் கீழே போடுகிற மாதிரி வந்தது. மின்சாரம் ஏறியது. தெரியல. இன்னும் ஏறியது. தெரியல. கொஞ்சநேரத்தில் அதிலும் அவருக்குப் பிடிமானம் வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகத் 'தெரியல' சொல்கிற ஆள் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். ஃப்ராவ் கெர்ஸ்டர் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போனார்.

பீப்.

ஓட்மார் தலையை வலப்பக்கம் திருப்பினார்.

"ஹெர் ஷ்வெங்க்?"

மஞ்சள் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சுவரில் தெறித்துக் காய்ந்த சுண்ணாம்புத் துளி மாதிரி ஏதோ ஒன்று வலது ஓரத்தில் வந்து போயிற்று. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல மறந்துவிட்டார்.

எல்லாப் புள்ளிகளையும் இப்படியே அளந்து முடித்துக் கிளம்பும்போது ஃப்ராவ் கெர்ஸ்டர் எச்சரித்தார். "புள்ளிங்க உங்க கண்ணுல நேர் வரிசையாத் தெரியாது. நேரான கோடுகூட வளைஞ்சு தெரியலாம். மனசுல வெச்சுக்குங்க."

சனிக்கிழமை. அந்த வாரம் தெருக் கூட்டும் முறை ஓய்கென் வீட்டுக்கு. வாசலில் துடைப்பம் சரசரத்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில். ஓட்மார் முற்றத்தின் நடுவில் நின்று தலையை மெல்லத் தூக்கினார். வெளிச்சப் பொட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. தலையை இடமும் வலமும் திருப்பத் திருப்ப, கீழே இருட்டு, மேலே வெளிச்சம், நடுவே ஒரு விளிம்பு. அவர் வீட்டு முகடு.

விளிம்பு தொய்ந்திருந்தது.

கூரை தொய்ந்ததா, கருவி வளைக்கிறதா? ஓய்கெனைக் கேட்பதற்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம். யோசித்தார். ரசமட்டம் பொய் சொல்கிறதென்று சந்தேகம் வந்தால் கூரைக்காரன் என்ன செய்வான்? முனை மாற்றிப் போட்டுப் பார்ப்பான். கோணல் மட்டத்தோடு திரும்பினால் மட்டத்தில் கோளாறு. திரும்பாவிட்டால் சுவரில் கோளாறு. இங்கே மட்டம் இருப்பது தலையில்.

ஓட்மார் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கால்களை அகட்டினார். குனிந்து, தலையைத் தொங்கவிட்டு, கால்களுக்கு நடுவே வீட்டைப் பார்த்தார்.

துடைப்பச் சத்தம் நின்றது.

"என்னடா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"பேசாத. பாத்துக்கிட்டிருக்கேன்."

சன்னலிலிருந்து கெர்லிண்ட கத்தினாள். "ஓட்மார்! தலைக்கு ரத்தம் ஏறும்! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நானும் பாக்கறேன்."

கருவிதான் வளைக்கிறதென்றால் தலைகீழாகப் பார்க்கையில் தொய்வும் புரண்டு, முகடு வானத்தைப் பார்த்துத் திமில் மாதிரி புடைத்திருக்க வேண்டும். புடைக்கவில்லை. தொய்வு மண்ணைப் பார்த்துத்தான் தொங்கியது. மேலும் கீழும் பலமுறை பார்த்தார். கருவி யோக்கியமானது. கூரைதான் தொய்ந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. வேலியோரம் ஓய்கென் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"தொய்ஞ்சுதான் இருக்கு."

ஓய்கெனுக்குத் துடைப்பத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு. இப்படிக் கையில் கொண்டுவந்து கொடுப்பான் என்று அவர் நினைக்கவில்லை.

"ஆனா நடுவுல இல்ல" என்றார் ஓட்மார். "புகைபோக்கிப் பக்கமா தள்ளி இருக்கு. குதிரை முதுகாம்! உனக்கு நல்ல கண்ணு இருந்தும் எடத்தை ஒழுங்காப் பாக்கல. நான் கண்ணு இல்லாம பாத்துட்டேன். டூபிங்கன்ல போய்க் கேளு, இந்த மாதிரி பாத்தவன் எத்தனை பேருன்னு."

ஓய்கென் தெருவுக்கு நடுவில் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"புகைபோக்கிப் பக்கம்தான். உத்தரத்துக்கு அடியில ஒரு முட்டு கொடுத்தா நிமிர்ந்திரும். திங்கக்கிழமை மரத்தோட வரட்டா?"

"தொட்டே, கையை உடைப்பேன். எனக்குன்னு தெரியறது அது ஒண்ணுதான். அதையும் நிமிர்த்திட்டா நான் எதைப் பாக்கறது?"

"மழை பெய்யறப்ப ஒழுக்குக்கு வெக்கற வாளியைப் பாரு" என்று கெர்லிண்ட மேலேயிருந்து சொன்னாள். "ஓய்கென், நீ திங்கக்கிழமை வா."