பன்னிரண்டாம் தளத்து எர்லிண்டா அக்கா

எர்லிண்டா அக்காவோடு ஒன்பது வருடம் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளியவள் நான். ஆகவே அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதற்கு முன், அவள் எப்பேர்ப்பட்ட இம்சை என்பதையும் சொல்லிவிட எனக்கு உரிமை இருக்கிறது. நான் விரித்த படுக்கையில் கை வைக்காமல் அவள் ஒரு நாளும் வெளியே போனதில்லை. தலையணை உறையின் வாய் கதவைப் பார்த்து இருக்கக் கூடாது. துண்டின் ஓரம் உள்பக்கம் போக வேண்டும். குளியலறைக் கண்ணாடியை நின்று பார்த்தால் போதாது.

"விருந்தாளி எங்க உக்காருவாங்களோ அங்க உக்காந்து பாருடி நெனி" என்று என்னை உட்காரவைப்பாள்.

கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடியின் அடியில் நிஜமாகவே ஒரு கறை தெரியும். அதுதான் எரிச்சல்.

எங்கள் உல்லாசக் கப்பல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஞாயிறு சாயங்காலம் கிளம்பி, அடுத்த ஞாயிறு காலை அங்கேயே திரும்பும். பன்னிரண்டாம் தளம் முழுக்க சூட் அறைகள். முன்பக்கத்து எட்டு சூட்டும் எங்கள் இருவர் பொறுப்பு. அக்கா பிலிப்பைன்ஸில் இலோய்லோக்காரி. நான் பக்கத்து மாகாணம், ஆன்டிகே. ஊரில் என்றால் எங்கள் பேச்சை அவள் கேலி செய்திருப்பாள், கப்பலிலும் செய்தாள்.

குடும்பங்களைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெட்டிகள் வந்து சேர்ந்த அரை மணியில், யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவாள். ஓஹியோவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு, அவர்கள் கேட்காமலே ஒற்றைப் போர்வையை எடுத்துவிட்டு இரண்டு தனிப் போர்வை வைத்தாள். மூன்றாம் நாள் அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து இப்போதுதான் நன்றாகத் தூங்கினேன் என்றாள். அண்ணன் தம்பி குடும்பங்கள் அடுத்தடுத்த சூட்டில் வந்தால், இடைக்கதவைத் திறப்பதா, பால்கனித் தடுப்பை மட்டும் திறப்பதா என்பதை அக்காதான் முடிவு செய்வாள். மருமகளின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். "தடுப்பு போதும், கதவு வேணாம்" என்பாள். அவள் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அடுத்த வாரம் வருகிறவர்களின் பட்டியல் வந்தது. 1204, இரண்டு படுக்கையறை சூட். டெஸ்மண்ட் விட்லாக், அவன் பெற்றோர், மனைவி ஜோவலின் பல்மாரஸ் விட்லாக். அக்கா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள்.

"உன் பொண்ணு பேரு மாதிரியே இருக்குக்கா" என்றேன்.

"பொறந்த தேதியும் அதே மாதிரி இருக்குடி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வர்றா" என்றாள்.

ஜோவலின் அவளுடைய ஒரே மகள். ஏழு வயதில் அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு அக்கா கப்பல் ஏறினாள். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்று இருபத்திரண்டு வருடம். அந்தப் பெண் நர்ஸ் படிப்பு முடித்து ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில்லுக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடமாகிறது. இங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு எங்கள் கப்பல் கோடைப் பயணம் போயிருந்தது, அக்கா அலாஸ்காப் பக்கம் எங்கேயோ போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை மகள் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு அக்கா ஓடிவந்தாள். ஐந்து வருடத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வியே சாப்பிட்டாச்சா என்பதுதான். இவர்கள் அதைப் போனிலேயே கேட்டுக் காலம் தள்ளினார்கள்.

"ஏழு நாள் இருக்கா. ஒரு வேளை அவளோட உக்காந்து சாப்பிட்டுடணும் நெனி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அக்கா.

ஆனால் சிப்பந்திகள் விருந்தாளிகளோடு சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது. அது எழுதிவைத்த விதி. அந்த ஒரு வாரத்துக்கு 1204-ஐ வேறு ஆளுக்கு மாற்றித் தருவதாக மேற்பார்வையாளர் சொன்னார். மகளுக்கே வேலை செய்வது சங்கடமாக இருக்குமே என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பொண்ணு படுக்கையில வேற எவளாவது கை வெப்பாளா சார்?"

அத்தோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோவலின் வந்தாள். அறைவாசலில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தள்ளுவண்டியில் சோப்பு அடுக்குகிற மாதிரி நின்று நானும் அழுதேன். அன்று சாயங்காலமே, மாமனார் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்புவதைக் கவனித்து அக்கா அவருக்குத் தட்டைத் தலையணை கொண்டுபோனாள். மாமியாரின் படுக்கையை ஏசிக் காற்று முகத்தில் படாதபடி நகர்த்தினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் அறை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. படுக்கை விரித்து, துண்டு மடித்து, குளியலறைத் தரை துடைத்து, குப்பைக்கூடையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள் அந்தப் பெண். வேலைக்காரி வருவதற்குள் வீட்டைக் கூட்டிவைக்கிற புத்தி எங்கள் ஊர்க்காரிகளுக்கு மட்டும்தான் உண்டு. அக்கா நடுஅறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு படுக்கையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மடிப்பு.

"இது என்ன, ஆப்பரேஷன் பண்ணவன அசையாம கட்டிப்போடறதா?" என்று மொத்தத்தையும் உருவிப் போட்டாள். முதலிலிருந்து விரித்தாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. மகள் விடியுமுன் எழுந்து விரிக்க, தாய் ஒன்பது மணிக்கு வந்து பிரிக்க, ஒரு படுக்கைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"நான் வேல செய்யறத மாமியார் பாத்துடக் கூடாதுன்னு இருக்கா" என்றாள். சொல்லும்போது முகம் சுருங்கிப்போயிருந்தது. "என்னப் பாத்தா அவளுக்கு வெக்கமா இருக்குடி."

நான் அப்படி இருக்காது என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

புதன்கிழமை மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கி மகளோடு சாப்பிடலாம் என்று இருந்தாள். பலத்த காற்றில் கப்பல் கரையணைய முடியாமல் அப்படியே திரும்பியது. வியாழக்கிழமை ரோவாட்டான் துறைமுகம், அன்றைக்கு அக்கா கப்பலிலேயே காவலுக்கு இருக்க வேண்டிய முறை. நான் மாற்றிக்கொள்கிறேன் என்று போய்க் கேட்டேன். பட்டியல் கையெழுத்தாகிவிட்டது, முடியாது என்றார்கள். அன்று காலை 1204-க்குள் போனபோது ஜோவலின் முழங்காலில் நின்று குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எந்திரி. அந்தத் துணியக் குடு."

"மாட்டேன். உக்காரும்மா, காபி குடி. நீ பாத்ரூம் தேய்க்கறதப் பாத்துக்கிட்டு நான் எப்படிம்மா அங்க மகாராணி மாதிரி உக்காந்திருக்கறது?"

"நீ ஆஸ்பத்திரில ஊசி குத்தறப்ப நான் வந்து, 'ஐயோ பாவம் என் பொண்ணு'ன்னு சிரிஞ்சப் புடுங்கினா உனக்கு எப்படிடி இருக்கும்?"

ஜோவலின் துணியைக் கீழே விட்டாள். கையில் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உன் மாமியாருக்கு நான் யாருன்னு தெரியும்ல?"

"முதல் நாளே சொல்லிட்டேன். அவங்க எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? அவங்க முதுகுவலிக்கு இந்தப் படுக்கைதான் மருந்தாம். நான் வெக்கத்துல பண்ணலம்மா. நீ இருபத்திரண்டு வருஷம் பண்ணிட்டே. ஏழு நாள் நான் பண்ணக் கூடாதா?"

அக்கா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மகளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கூடாது. நீ தேய்க்கறது சரியா இல்ல" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் ஜோவலின் கேட்டாள், ஒரு வேளைகூட நாம் சேர்ந்து சாப்பிட முடியாதா என்று. முடியாது, விதி அப்படி என்றாள் அக்கா.

ஜோவலின் தாய்க்குத் தப்பாத பிள்ளை. நேராக சூட்காரர்களின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், வாசல் மேசையில் இருக்கும் பெவர்லியிடம் விதிப் புத்தகம் கேட்டாள். பெவர்லி ஜமைக்காக்காரி, வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி. அந்தப் புத்தகத்தில் குடும்ப அனுமதி என்று ஒரு பக்கம் உண்டு. முன்பெல்லாம் சூட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கூடத்தின் தங்க நிறக் கார்டு. மகன் குடும்பம் சூட்டில் இருக்கும். வயதான தகப்பன் ஆறாம் தளத்தில் சின்ன அறையில் இருப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்ற ஒருவரைப் பார்த்து அக்காவுக்குத் தாங்கவில்லை. கருத்துப் பெட்டியில் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சீட்டு எழுதிப் போட்டாள். ஒரு வருடம் போட்டாள். கடைசியில் கம்பெனி விதியை மாற்றியது: சூட்டில் இருப்பவரின் பெற்றோரோ பிள்ளைகளோ கப்பலில் எந்த அறையில் தங்கியிருந்தாலும் அவர்களுக்கும் கார்டு உண்டு.

ஜோவலின் படிவத்தை நிரப்பினாள். பெயர், எர்லிண்டா பல்மாரஸ். உறவு, தாய். அறை எண் என்ற இடத்தில், சிப்பந்திகள் தூங்குகிற முதல் தளத்து எண்ணை எழுதினாள்.

பெவர்லி அதைப் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாளாம். சிரித்து முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு கப்பலின் ஹோட்டல் பிரிவு இயக்குநர் ஹால்வர்சனிடம் போனாள். அந்த நார்வேக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பெவர்லி எங்களிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"இது விருந்தாளிகளுக்கான விதி" என்றாராம்.

"விருந்தாளின்னு எங்கயும் எழுதல சார். தங்கியிருந்தாலும்னுதான் இருக்கு. அந்தம்மா தங்கியிருக்காங்களே. நீங்க இந்தக் கப்பலுக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்து தங்கியிருக்காங்க."

மனுஷன் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாராம். பிறகு கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை மதியம், ஒரே ஒரு வேளை. ஒரு நிபந்தனை: சீருடையில் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை இதைக் கேட்டதும், அங்கேதான் அக்கா முறுக்கிக்கொண்டாள். ஜோவலின் தன்னுடைய நீல கவுனைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் என் முத்துமாலையைத் தருகிறேன் என்றேன். அவள் எதையும் தொடவில்லை.

"நான் யாருன்னு மறைச்சிக்கிட்டுத்தான் எம் பொண்ணோட சாப்பிடணும்னா, அந்தச் சோறு எனக்கு வேணாம்."

"அக்கா, இதுக்குத்தானே வாரம் பூரா தவிச்சே? கூடி வர்றப்ப பிடிவாதம் பிடிக்காத" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு கோபம். நாளை மறுநாள் அந்தப் பெண் இறங்கிப் போய்விடுவாள். இவளுடைய அடுத்த விடுமுறை ஆகஸ்டில்.

"அவ அம்மா இந்தச் சட்டையிலதான்டி அவளப் படிக்க வெச்சா" என்றாள்.

மறுபடி பெவர்லிதான் போனாள், கையில் கூடத்தின் உடை விதிகளோடு. நீச்சல் உடை கூடாது, கிழிந்த கால்சட்டை கூடாது, கையில்லாத பனியன் கூடாது. சலவை செய்த சீருடை கூடாது என்று எங்கும் இல்லை. ஹால்வர்சன், "உங்களோட பேசி ஜெயிக்க முடியாது, போங்க" என்று கையை ஆட்டினாராம்.

சனிக்கிழமை சமையலறையில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒருவரும் அவரவர் இடத்தில் இல்லை. கூடத்துக்கென்று தயாராகும் பிரெஞ்சுச் சமையலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இறால் போட்டுப் புளிப்பாக, சினிகாங் என்கிற எங்கள் ஊர்ச் சாறு காய்ச்சினார்கள். வெள்ளைச் சோறு வடித்தார்கள். சமையலறைக் கதவுக்கு ஒட்டினாற்போல் மேசை போட்டு, கதவைக் காலால் முட்டுக்கொடுத்து நாலு விரல் திறந்து வைத்தான் ஒருவன். நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக ஒரு மணிக்கு அக்கா வந்தாள். சாம்பல் நிறச் சீருடை, மார்பில் பெயர்ப் பட்டை, தலை படிய வாரியிருந்தாள். வாசல் கருவியில் தங்க நிறக் கார்டை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. டெஸ்மண்டும் அவன் அப்பாவும் எழுந்து நின்றார்கள். மாமியார் தனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜோவலின் சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, முதல் கரண்டியைத் தாயின் தட்டில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த மேசையில் இருந்த பிரிட்சர்ட் அம்மாள் திரும்பினாள். 1208-இல் இருப்பவள், ஒரு நாளைக்கு ஆறு துண்டு கேட்பவள். சீருடையைப் பார்த்ததும், "எர்லிண்டா, நல்ல வேளை, எனக்கு ரெண்டு பெரிய துண்டு வேணும்" என்றாள். அக்காவின் உடம்பு பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டது.

ஜோவலின் அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள். "இவங்க எங்கம்மா" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "சாப்பிட வந்திருக்காங்க."

பிரிட்சர்ட் அம்மாள் திருதிருவென்று விழித்தாள். அக்கா மட்டும் அசரவில்லை. மடியில் துணியை விரித்துக்கொண்டு, 1208-ஐப் பார்த்து அன்பாகவே சொன்னாள்:

"துண்டு ரெண்டு மணிக்கு வரும் மேடம். இப்ப எம் பொண்ணு எனக்குச் சோறு போட்டுட்டு இருக்கா."