நிற்காமல் ஓடிய கம்ப்ரசர்

போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில், மலை தொடங்கும் இடத்தில் எங்கள் பஞ்சர் கடை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்தான் எங்களுக்குப் பிழைப்பு. தோட்டத்துப் பாதை கல்லும் சேறுமாக இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் ஜீப்பு பிடித்து ஏறும். சாயங்காலம் கீழே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காற்றுப் பிடிக்க நிற்பார்கள். கூட வந்த ஆட்களும் இறங்கி, "அண்ணே, சட்டையில ஒட்டுன குப்பையக் கொஞ்சம் ஊதி விடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் முதுகைக் காட்டுவார்கள். காற்று சும்மா கிடைப்பதுதானே என்று அவர்களுக்கு நினைப்பு.

சும்மா கிடைக்கிற காற்றை அமுக்கி டேங்குக்குள் அடைக்கத்தான் கரண்டு அவ்வளவும் போகிறது. டேங்க் நிறைந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். காற்று குறைந்தால் மறுபடி ஓட வேண்டும். நடுவில் அதற்கு ஓய்வு. எங்கள் கம்ப்ரசருக்கு அந்த ஓய்வு இல்லாமல் போனது. கடையில் ஈ காக்காய் இல்லாதபோதும் ஓடியது. ஏற்கெனவே ஒரு தடவை மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகி, புதுசாக வைண்டிங் கட்டி மாட்டியிருந்தோம். இன்னொரு தடவை கருகினால் கடையைப் பூட்டிவிட்டு, நாங்களும் அதே ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போக வேண்டியதுதான். என் முழங்காலுக்கு அந்த மலை ஆகாது. நினைத்தாலே அலுப்பாக வரும்.

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. ஹோஸை மாற்றினார், ஃபில்டர் தூசியைத் தட்டினார், புது வாஷர் போட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. பழைய மோட்டாரு, அப்படித்தான் ஓடும்" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

ஒரு மத்தியானம் கரண்டு போனது. மோட்டார் நின்றது, பக்கத்து மாவு மில்லும் நின்றது. அப்போதுதான் டேங்குக்கு அடியில் 'புஸ்' என்ற சத்தம் என் காதில் விழுந்தது. சாரல் காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேரும். காலையில் கொஞ்சம் காற்று ஏறியதும் அடித் திருகைத் திறந்து அவர்தான் அதை வடித்துவிடுவார்.

"ஏங்க, அடித் திருகுல காத்து போகுது."

"நாந்தான காலைல மூடுனேன்? போகாது."

"சத்தம் கேக்குது, வந்து பாருங்க."

குனிந்து, டேங்கோடு காதை வைத்தார். "எங்க புள்ள கேக்குது?"

வீம்புக்குச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம். அவர் கையைப் பிடித்து இழுத்துத் திருகுக்கு அடியில் வைத்தேன். உள்ளங்கையில் காற்று பட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"சத்தம் நிக்கிற வரைக்கும்தான் திருகுவேன்" என்றார். "எனக்கு நின்னுருச்சே."

திருகை நான் இறுக்கினேன். கரண்டு வந்து டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றது. வெகு நேரம் ஓடவே இல்லை. மோட்டார் பிழைத்துவிட்டது. எனக்குத்தான் சந்தோசப்படத் தெம்பில்லை. அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வருசக் கணக்காகக் குந்தியிருந்த மனுசனை நினைத்து அழுகை வந்தது.

இப்போதும் அவர்தான் தண்ணீர் வடிக்கிறார். திருகை மூடி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். அப்படியும் மனசு ஒப்பாமல், "ஏ புள்ள, வெரசா வந்து கேளு" என்று கூப்பிடுகிறார். போட்டது போட்டபடி போய்க் குனிந்து கேட்கிறேன். நான் தலையை ஆட்டிய பிறகுதான் முதல் ஜீப்புக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறார்.