உப்புப் பார்க்காத காலிஃபிளவர்

கொதிக்கிற தண்ணீரில் மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, காலிஃபிளவரை உதிர்த்துப் போட்டால் ஒரு வாடை வரும் பாருங்கள்... வெறும் வயிற்றில் அது குமட்டும். நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் எங்கள் கம்பம் வீட்டு அடுக்களையில் அந்த வாடைதான் எனக்காகக் காத்திருக்கும்.

2004 என்று ஞாபகம். கல்யாணமாகி இரண்டாவது வருசம். ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர் வேலை. ஐப்பசி மழையில் நனைந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பையை இறக்கியதும் வாணலியை ஏற்ற வேண்டும். கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வந்துவிடும். ஆனால் கடித்துக்கொள்ள காலிஃபிளவர் சில்லி இல்லாவிட்டால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கஞ்சி தொண்டையில் இறங்காது.

புழு போக வெந்நீரில் போட்டு வடித்து, கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, கார்ன்ஃப்ளார், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு... பிசறிப் பொரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வம்பு உப்பில்தான். வெந்நீரிலேயே பூ எவ்வளவு உப்பைக் குடித்ததோ, நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நோன்போடு எங்கள் வீட்டில் யாரும் நாக்கில் வைக்க மாட்டோம்.

மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. அப்போது அவர்கள் உப்புப் பார்க்கலாம். அந்த வீட்டில் அப்படி ஒரே ஆள் நான்தான்.

முதல் வருசம் வெகுளியாகச் சொல்லிவிட்டேன். "மாமி, எனக்கு இன்னைக்கு நோன்பு இல்ல. நான் உப்புப் பாக்குறேன்."

மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, "சரி" என்றார். அவ்வளவுதான். ஆனால் முகம் விழுந்துவிட்டது. இந்த மாசமும் ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். சாயங்காலமே நாத்தனாருக்குப் போன் போனது.

அதனால் இரண்டாவது வருசம் வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அந்த வருசம் பார்த்து, நாளும் பத்து தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் ஒரு ஆசை. இருபதாம் நோன்பன்று காலையில், ஸ்கூல் பாத்ரூமில், அந்த ஆசை முடிந்துபோனது.

தண்ணீர் குடித்திருக்கலாம். ஆனால் கூட வேலை பார்த்த டீச்சர் எங்கள் தெரு. பகல் முழுக்கத் தொண்டை காயக் காயப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். நோன்பும் இல்லை, சோறும் இல்லை. அப்படிக் கிடக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை... அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனாரும் அவள் மாமியாரும். மாமி அடுக்களையை எட்டிப் பார்த்து, "பாளையத்துலேருந்து அவுக வந்துட்டாக. வெரசாப் பொரி" என்றார்.

கை மட்டும்தான் வேலை செய்தது. மாவில் உப்புப் போட்டேனா, மறந்து இரண்டாம் தடவையும் போட்டேனா... தெரியாது. நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, அப்புறம் காலிஃபிளவர். வாயில் போட்ட எல்லோரும் தண்ணீரைத் தேடினார்கள். திட்டு விழும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாத்தனாரின் மாமியார் சிரித்தார். "உப்புக் கரிக்குது. புள்ள நோன்போடதான் பொரிச்சிருக்கு."

"ஆமா சம்பந்தி. இந்த வருசம் ஒரு நோன்புகூட விடல. இன்னையோட இருவது" என்றார் மாமி. விரல் விட்டு எண்ணியும் காட்டினார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மறைத்ததை எல்லாம் அவர்கள் நல்ல சேதியாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பாத்திரம் கழுவும்போது மாமி ஒரு டம்ளர் பாலோடு வந்தார். "நாளைக்கு நோன்பு வைக்காத. பொறவு வச்சுக்கலாம். ஒடம்பப் பாத்துக்க." இரண்டு வருசத்தில் என்னிடம் அவ்வளவு மெதுவாக அவர் பேசியதே இல்லை.

அதற்கு மேல் முடியவில்லை. "மாமி... எனக்குக் காலையிலேருந்தே நோன்பு இல்ல."

டம்ளரைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்பப் பகல் பூரா பச்சத் தண்ணி குடிக்கலயா நீயி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்குப் பயந்துக்கிட்டா?"

கழுவிய பாத்திரத்தையே நான் மறுபடி கழுவினேன். "இந்தா, பாலக் குடி" என்றார். ஏமாற்றம் முகத்தில் அப்படியேதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்தபோது, அடுக்களையில் ஒரு தட்டில் சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தது. "இங்கன உக்காந்து தின்னு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை, யாரும் உள்ளே வந்துவிடாமல், வாசலை மறித்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

மகள் பிறந்தது அதற்கு இரண்டு வருசம் கழித்து. மாமி அவளைத் தூக்கி வளர்த்தார். இப்போது அவர் இல்லை.

மகள் காலேஜ் போகிறாள். நோன்பு மாதத்தில் நான் பொரித்துக்கொண்டிருந்தால், போனைப் பார்த்தபடியே வருவாள். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வாள். "ம்மா, எனக்கு இன்னைக்கு நோன்பு இல்ல. குடு, உப்பு நான் பாக்குறேன்." உப்புப் பார்க்கிற சாக்கில் நாலு துண்டு உள்ளே போய்விடும். அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்குச் சந்தோசம்தான்... கொஞ்சம் பொறாமையும் உண்டு.

எனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது. போன வருசத்தோடு மாதவிலக்கு நின்றுவிட்டது. இந்த வருசம் முப்பது நோன்பும் முழுசாக வைத்தேன்.

யாரும் விரல் விட்டு எண்ணவில்லை.